ரெக்டிஃபையா, கரெக்டா, அமெண்டா? திருத்துவதற்கு ஆங்கிலத்தில் எந்த வினை எங்கே பொருந்தும்

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. ஆவணத்தில் பெயர் தவறாக அச்சாகியிருக்கிறது, அதைத் திருத்தித் தரும்படி கேட்க வேண்டும். அல்லது நம் பக்கம் நேர்ந்த பிழையைச் சரிசெய்துவிட்டோம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். தமிழில் 'திருத்து', 'சரிசெய்' என்ற இரண்டை வைத்துக்கொண்டே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ரெக்டிஃபை, கரெக்ட், அமெண்ட், எமெண்ட், ரெமெடி, ரெட்ரெஸ், ரிவைஸ், ஃபிக்ஸ் என்று ஒரு வரிசையே வந்து நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்து நம்மைச் சுற்றலில் விட்டுவிடும்.

இந்த இடத்தில் பலரும் ரெக்டிஃபையைத்தான் எடுக்கிறார்கள். அலுவலகக் கடிதத்துக்குரிய கம்பீரம் அதில் இருப்பதாக ஒரு நினைப்பு. சில இடங்களில் அதை விட்டால் வேறு சொல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமான இடங்களில் அது சொல்ல வந்ததை மங்கலாக்குகிறது, சில நேரம் நாம் கொடுக்க நினைக்காத வாக்குறுதியையும் கொடுத்துவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. திரும்பிப் போவதற்கு ஒரு 'சரி' முன்பே இருக்கிறதா? பிறந்த தேதி ஒன்றுதான். பதிவேட்டில் அது தவறாக இருந்தால், எது சரி என்பதில் விவாதமே இல்லை. ஒரு விதிமுறையை மேம்படுத்துவது அப்படியல்ல. அங்கே புதிதாக ஒன்றை முடிவுசெய்கிறோம்.
2. எதைத் திருத்துகிறோம்? பிழையையா, பிழை இருக்கும் பொருளையா, ஆவணத்தையா, ஆளையா, ஆளுக்கு நேர்ந்த இழப்பையா?
3. திருத்தம் எப்போதிலிருந்து செல்லும்? ஆரம்பத்திலிருந்தா, இன்றிலிருந்தா?
4. 'தவறு நடந்தது' என்று அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறதா?
5. அதன் தோரணை எப்படி? நீதிமன்றம், அலுவலகம், நண்பர் என எந்த இடத்துக்குரியது?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் அதிக எடை. தோரணையைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால்தான் கேள்விகளில் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## வேரில் இரண்டு குடும்பங்கள்

சொற்பிறப்பு தெரிந்தால்தான் சொல்லைப் பயன்படுத்த முடியும் என்றில்லை. ஆனால் இந்த வரிசையில் வேர்கள் நிஜமாகவே உதவுகின்றன.

லத்தீனில் 'ரெக்டுஸ்' என்றால் நேரானது. 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து பிற்கால லத்தீனில் 'ரெக்டிஃபிகாரே' ஆயிற்று: நேராக்குதல். அது பிரெஞ்சு வழியாக, 1400ஆம் ஆண்டை ஒட்டி, ரெக்டிஃபை என்று ஆங்கிலத்துக்குள் வந்தது. ப்யூரிஃபை, சிம்ப்ளிஃபை போன்ற சொற்களின் கடைசியில் இருக்கும் 'ஃபை'யும் இதே 'செய்தல்'தான்.

'ரெக்டுஸ்' வழி வந்த உறவினர்கள் ஏராளம். ரெக்டாங்கிள், டைரக்ட், எரெக்ட் எல்லாம் அந்த வழிதான். மலக்குடலுக்கு ரெக்டம் என்று பெயர் வந்ததும் லத்தீனில் 'நேரான குடல்' என்று சொன்னதன் மிச்சம். (மனித உடலில் அது அவ்வளவு நேராக இல்லை. பண்டைய மருத்துவர்கள் விலங்குகளை அறுத்துப் பார்த்து வைத்த பெயர் அது.) ரைட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வரவில்லை, ஜெர்மானியக் கிளை வழியாக வந்தது. ஆனால் ஆதி வேர் ஒன்றே. சமஸ்கிருதத்தில் நேரானது என்று பொருள்படும் 'ருஜு'வும் அதே வேரின் கிளைதான்.

கரெக்ட் எங்கிருந்து வந்தது? 'கோர்ரிகெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து. நேரான வழியில் செலுத்துதல் என்ற பொருளுள்ள 'ரெகெரே' அதற்குள் இருக்கிறது. அதுவும் இதே வேர். ரெட்ரெஸ்ஸும் அப்படியே: பழைய பிரெஞ்சில் மறுபடி நிமிர்த்துவது என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆக ரெக்டிஃபை, கரெக்ட், ரெட்ரெஸ் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கோணியதை நிமிர்த்துவது அவர்கள் வேலை.

இன்னொரு குடும்பம் 'மெண்டும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. குறை, வடு என்று பொருள். குறையை வெளியே எடுத்துப் போடுவது 'எமெண்டாரே'. இது பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் வந்தபோது அமெண்ட் ஆனது. அந்த அமெண்ட்டின் தலை உதிர்ந்து மெண்ட் ஆனது. பின்னர் 15ஆம் நூற்றாண்டில், படித்தவர்கள் லத்தீனிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொண்ட வடிவம் எமெண்ட். மூன்றும் ஒரே சொல்தான். வந்த பாதைதான் வேறு.

தமிழில் சொன்னால், முதல் குடும்பம் நிமிர்த்துகிறது, இரண்டாவது களைகிறது. நிமிர்த்துவதற்கு நேர்க்கோடு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். களைவதற்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தக் குறை வேண்டாம் என்று தெரிந்தால் போதும், அதை எடுத்த பிறகு பொருள் எப்படி இருக்கும் என்பது நம் விருப்பம். மேலே சொன்ன முதல் கேள்விக்கு இவ்வளவு எடை கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

## ரெக்டிஃபை

இந்தச் சொல் கலைச்சொல்லாக எங்கெல்லாம் குடியேறியிருக்கிறது என்று பார்த்தால் அதன் குணம் புரிந்துவிடும்.

வடிசாலையில்: சாராயத்தை மறுபடி மறுபடி வடித்துத் தூய்மையாக்குவதை ரெக்டிஃபிகேஷன் என்பார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெற்ற பழைய பொருள்களில் இதுவும் ஒன்று. ரெக்டிஃபைட் ஸ்பிரிட் என்ற பெயர் அப்படி வந்ததுதான். தண்ணீர் கலந்த ஆல்கஹாலைச் சாதாரண முறையில் எவ்வளவு வடித்தாலும் ஏறக்குறைய 95 சதவீதத்தில் நின்றுவிடும். அங்கே 'நேர்' என்பது கலப்பில்லாத நிலை.

மின்னியலில்: முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும் கருவி ரெக்டிஃபையர். பாடநூல்களில் அதைத் 'திருத்தி' என்கிறோம். கைப்பேசி சார்ஜருக்குள் இருப்பதும் அதுதான். மின்னோட்டம் தவறு எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேராக இல்லை, நேராக்கினோம், அவ்வளவே.

கணிதத்தில்: வளைகோட்டின் நீளத்துக்குச் சமமான நேர்க்கோட்டைக் காண்பது ரெக்டிஃபிகேஷன். 1657இல் ஆங்கிலேயரான வில்லியம் நீல் ஓர் இயற்கணித வளைவுக்கு முதன்முதலாக இதைச் செய்து காட்டினார். வளைவை நேராக்க முடியாது என்ற நம்பிக்கை அதுவரை பலமாக இருந்தது.

ஜோதிடத்தில் பிறந்த நேரத்தை வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுத் திருத்திக் கணிப்பதற்கும் இதே சொல்தான். கணக்குப்பதிவியலிலும் உண்டு. பேரேட்டில் தவறாக எழுதியதை அழிக்காமல், இன்னொரு பதிவு போட்டு நேராக்குவது ரெக்டிஃபிகேஷன் ஆஃப் எரர்ஸ். கன்ஃபூஷியஸின் புகழ்பெற்ற கருத்து ஒன்றை ஆங்கிலத்தில் 'பெயர்களை ரெக்டிஃபை செய்தல்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். அரசன் அரசனாகவும் தந்தை தந்தையாகவும் நடந்துகொண்டு, பெயரும் நடப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பது கருத்து.

சட்டத்தில்தான் இதன் கூர்மை முழுதாகத் தெரிகிறது. இரு தரப்பும் ஒன்றைப் பேசி முடிவுசெய்திருக்கிறார்கள். எழுதும்போது தவறாக எழுதிவிட்டார்கள். அப்போது எழுத்தை, அவர்கள் உண்மையில் முடிவுசெய்ததற்கு ஏற்ப நீதிமன்றம் திருத்துவது ரெக்டிஃபிகேஷன். ஒப்பந்தத்தை நீதிமன்றம் மாற்றுவதில்லை, ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கும் தாளை மட்டும் மாற்றுகிறது. பேரம் ஒருவருக்கு நஷ்டமாக அமைந்துவிட்டது என்பதற்காக ரெக்டிஃபிகேஷன் கிடைக்காது. நிலத்தின் சர்வே எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் போடும் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு ரெக்டிஃபிகேஷன் டீட் என்ற பெயர் இருப்பதற்கும் இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதியின் 16ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதற்கும் ரைட் டு ரெக்டிஃபிகேஷன் என்றுதான் பெயர்.

எல்லா இடத்திலும் ஒரே கதை. இலக்கு முன்பே நிச்சயமாகியிருக்கிறது. பொருள் அதிலிருந்து விலகியிருக்கிறது. கொண்டுவந்து சேர்க்கிறோம். பிறந்த தேதி, பத்திரத்து எண், கணக்கு, நிலுவை, கோளாறான நிலைமை போன்றவை இதற்குப் பொருந்தும்.

சரி, இதை எடுத்தால் என்ன செலவு?

முதலாவது, இது முழுமையை வாக்களிக்கிறது. 'ரெக்டிஃபை செய்துவிட்டோம்' என்று எழுதினால், இருக்க வேண்டிய நிலைக்கு எல்லாம் திரும்பிவிட்டது என்று பொருள். பாதி வேலை முடிந்திருக்கும்போது இதை எழுதுவது பொய்க்கு ரொம்பப் பக்கம். இரண்டாவது, ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் சொல் உடைந்துவிடும். மாணவனை ரெக்டிஃபை செய்ய முடியாது. மாணவனின் விடையையோ பழக்கத்தையோ வேண்டுமானால் செய்யலாம். மூன்றாவது, செயப்பாட்டு வினையில் இது வசதியாக ஒளிந்துகொள்ளும். 'பிரச்சினை ரெக்டிஃபை செய்யப்பட்டது' என்ற வாக்கியத்தில் யார் தவறு செய்தார், யார் சரிசெய்தார், என்ன மாறியது என்ற எதுவுமே இல்லை. புகார் கொடுத்தவருக்கு இதை அனுப்பினால், சுற்றறிக்கையைப் படித்த மாதிரிதான் இருக்கும்.

நான்காவது, ராட்டிஃபை. உச்சரிப்பிலும் எழுத்திலும் இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன. ராட்டிஃபை என்றால் முறைப்படி ஒப்புதல் தருவது. ஒரு பிழையை ராட்டிஃபை செய்தேன் என்று எழுதினால், அந்தப் பிழைக்கே முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டேன் என்று ஆகிவிடும். எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளும் காப்பாற்றாது, இரண்டுமே நல்ல சொற்கள்தானே.

## கரெக்ட்

தவறை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் சொல் வேண்டுமென்றால் இது. செய்தித்தாள்கள் தங்கள் பிழைகளை வெளியிடும் பகுதிக்கு கரெக்‌ஷன்ஸ் என்று பெயர் வைப்பது சும்மா அல்ல. அதே இடத்தில் 'விளக்கம்' என்று தலைப்பிட்டால் தகவல் தவறில்லை, புரிதல்தான் போதவில்லை என்று ஆகிவிடும்.

ரெக்டிஃபை செய்ய முடியாத இரண்டு வேலைகளை இது செய்யும். ஒன்று, ஆளின் மேல் வரும். பேசுபவரை இடைமறித்துத் திருத்தலாம், தன்னை யாரேனும் திருத்தினால் 'ஐ ஸ்டாண்ட் கரெக்டட்' என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு, மூலக்குறை அப்படியே இருக்க, அதன் விளைவை ஈடுகட்டுவதையும் இது குறிக்கும். கண்ணாடி பார்வையைக் கரெக்ட் செய்கிறது. கண் மாறிவிடவில்லை, கண்ணாடியைக் கழற்றினால் மங்கல் திரும்பிவிடும். அளவீடுகளில் வெப்பநிலைக்காகத் திருத்தம் சேர்ப்பதும் இந்த வகை. இங்கெல்லாம் ரெக்டிஃபை என்று போட்டால் கண்ணே குணமானதாகத் தொனிக்கும்.

மறைந்திருக்கும் செலவு, ஆளின் மேல் வரும்போது வரும் கண்டிப்பு வாடை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒரு வகைச் சிறைக்கே 'ஹவுஸ் ஆஃப் கரெக்‌ஷன்' என்று பெயர். அமெரிக்காவில் சிறைத்துறைகள் இன்றும் கரெக்‌ஷன்ஸ் என்ற பெயரைத் தாங்குகின்றன. திருந்தாத ஆசாமியை இன்கரிஜிபிள் என்பதும் இதே வேர்தான். அதனால் சக ஊழியருக்கு எழுதும்போது ஆளை விட்டுவிட்டுப் பிழையைச் செயப்படுபொருளாக்குவது நல்லது. 'உங்களைத் திருத்தினேன்' என்பதற்கும் 'மூன்றாம் பக்கத்து எண்ணைத் திருத்தினேன்' என்பதற்கும் உள்ள தூரம் ஆங்கிலத்திலும் அதேதான்.

பேச்சுத் தமிழில் ஓர் ஆளைக் 'கரெக்ட் பண்ணுவது' வேறு கலை. அந்தப் பொருளில் ஆங்கிலக் கடிதம் எழுதி விடாதீர்கள்.

மற்றபடி, சந்தேகமாக இருக்கும் பத்து இடங்களில் எட்டில் கரெக்ட் போதும் என்பதே என் கட்சி. எளிய சொல் என்பதாலேயே இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். ஆனால் நீதிமன்றக் கடிதத்திலும் இது உறுத்தாது, நண்பனுக்கு எழுதும் வரியிலும் உறுத்தாது. இந்த வரிசையில் வேறெந்தச் சொல்லுக்கும் அந்த வசதி இல்லை.

## அமெண்ட், அதன் உடன்பிறப்புகள்

அமெண்ட் ஆவணங்களுக்குரியது: சட்டம், விதி, ஒப்பந்தம், தீர்மானம். தவறு நடந்தது என்று இது சொல்வதில்லை. முன்பு இருந்தது அந்தக் காலத்துக்குச் சரியாகவே இருந்திருக்கலாம், இனிமேல் வேறு மாதிரி இருக்கட்டும், அவ்வளவுதான் செய்தி. அதிகாரம் உள்ளவர் முறைப்படி செய்வது என்ற நிழலும் கூடவே வரும்.

அமெரிக்க அரசியலமைப்பில் முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் சேர்க்கப்பட்டன. அங்கே பழைய வாசகத்தை அழிப்பதில்லை, புதியதைக் கீழே சேர்த்துக்கொண்டே போகிறார்கள். மதுவிலக்கைக் கொண்டுவந்த 18ஆம் திருத்தத்தை 1933இல் 21ஆம் திருத்தம் நீக்கியது. ஆனாலும் 18ஆவது இன்றும் ஏட்டில் இருக்கிறது, செல்லாது, அவ்வளவே. பிழையை நிமிர்த்தியிருந்தால் பழையது இருந்த தடமே தேவைப்பட்டிருக்காது. அங்கே அமெண்ட் வரலாற்றை வைத்துக்கொள்ளும் வினை.

ஒப்பந்தம் எழுதுபவர்கள் சறுக்குவது மூன்றாவது கேள்வியில், அதாவது எப்போதிலிருந்து என்பதில். தட்டச்சுப் பிழையால் தவறான தொகை விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதை 'அமெண்ட் செய்கிறோம்' என்று எழுதி இன்றைய தேதி போட்டால், நேற்றுவரை அந்தத் தவறான தொகைதான் உடன்பாடாக இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட வழி திறந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே சரியான தொகைதான் நம் எண்ணம் என்று நிறுவ வேண்டியிருந்தால், ரெக்டிஃபையோ கரெக்டோதான் வேண்டும். மாறாக, இரு தரப்பும் யோசித்து இனிமேல் தொகையை மாற்றுகிறார்கள் என்றால் ரெக்டிஃபை தவறு. நடக்காத பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. நிரலில் செய்யும் மாற்றங்களைக் கமிட் என்ற பதிவுகளாகச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளில் கமிட் அமெண்ட் என்று ஒரு வசதி உண்டு. அது பழைய கமிட்டை வைத்துக்கொண்டு திருத்தத்தைக் கீழே சேர்ப்பதில்லை. பழையதன் இடத்தில் புதியதொன்றை வைத்துவிடுகிறது. மேலே சொன்ன அமெரிக்க அமெண்டுக்கு நேர் எதிர் நடத்தை. அங்கே பழகியவர்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எமெண்ட் பதிப்பாசிரியர்களின் தனிச்சொத்து. பிரதி எடுத்தவர் கையில் சிதைந்த வாசகத்தை, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துத் திருத்துவது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற பாத்திரம் சாகும் தறுவாயை விவரிக்கும் வரி, 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் 'பச்சை வயல்களின் மேசை' என்று பொருளே இல்லாமல் அச்சாகியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்ட் அதை 'பச்சை வயல்களைப் பற்றிப் பிதற்றினான்' என்று திருத்தினார். டேபிள் என்பது பாபிள்ட் ஆயிற்று, ஒரு சாவுக்காட்சிக்கு உயிர் வந்தது. மூலக் கையெழுத்துப் பிரதி யாரிடமும் இல்லை, அதனால் அதைக் கரெக்ட் செய்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்குத்தான் எமெண்ட். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதங்களோடு மல்லுக்கட்டிப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இந்த வேலைதான். உங்கள் வேலை பழம்பிரதிகளில் இல்லையென்றால் இந்தச் சொல்லை விட்டுவிடலாம். அமெண்டைப் பிழையாக எழுதிவிட்டீர்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

மெண்ட் துணிக்கும் வேலிக்கும் உறவுக்கும் உரியது. கிழிந்ததைத் தைப்பது.

## ரெமெடியும் ரெட்ரெஸ்ஸும்

ரெமெடிக்குள் இருப்பது லத்தீனின் 'மெடேரி', குணப்படுத்துதல். மெடிசின் அதன் உறவு. குறைபாட்டையும் ஒப்பந்த மீறலையும் இதனால் தீர்க்கலாம். இத்தனை நாட்களுக்குள் மீறலை ரெமெடி செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற வரி பல வணிக ஒப்பந்தங்களில் கண்ணில் படும். எப்படிச் சரிசெய்தாலும் பரவாயில்லை, பாதிப்பு தீர வேண்டும் என்பது இதன் மனப்பாங்கு. எது சரியான நிலை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கும்போது, ரெக்டிஃபையைவிட இது பாதுகாப்பானது.

ரெட்ரெஸ் மனிதரிடம் முடிகிறது. அநீதி, மனக்குறை, ஏற்றத்தாழ்வு இவைதான் அதன் செயப்படுபொருள். குறைகளுக்கு ரெட்ரெஸ் கேட்டு அரசிடம் மனுக்கொடுக்கும் உரிமை, மேலே சொன்ன 1791இன் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. அச்சுப்பிழையை யாரும் ரெட்ரெஸ் செய்வதில்லை. அந்தப் பிழையால் வேலை கிடைக்காமல் போனவருக்குச் செய்யலாம்.

இதன் அருகிலேயே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது: அட்ரஸ். இதுவும் அதே 'நேர்' வேரிலிருந்து வந்தது, ஒலியும் பக்கம். ஆனால் ஒரு பிரச்சினையை அட்ரஸ் செய்வது என்றால் அதன் பக்கம் முகத்தைத் திருப்புவது மட்டும்தான். தீர்ப்பதாக எந்த உறுதியும் இல்லை. புகாருக்கு வரும் பதிலில் இந்தச் சொல்லைப் பார்த்தால், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஃபிக்ஸும் ரிவைஸும்

ஃபிக்ஸின் மூலப்பொருள் குத்தி நிறுத்துவது, அசையாமல் பதிப்பது. 'கல்யாணம் ஃபிக்ஸ் ஆகிவிட்டது' என்று நாம் சொல்வதில் அந்தப் பழைய பொருள் பத்திரமாக இருக்கிறது. பழுதுபார்த்தல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் வளர்ந்தது. எந்திரம், மென்பொருள், குழாய் எல்லாவற்றுக்கும் இதுதான் இயல்பான சொல். பழுது போய் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. கோட்பாட்டுச் 'சரி' எதுவும் தேவையில்லை.

இந்தச் சொல்லின் செலவு இரட்டைப் பொருளில் இருக்கிறது. விலையை ஃபிக்ஸ் செய்தால் நிர்ணயித்தது, சில நேரம் கூட்டுச் சதி செய்தது. ஆட்டத்தை ஃபிக்ஸ் செய்தால் சூது. வளர்ப்பு நாயை ஃபிக்ஸ் செய்தால் கருத்தடை. தேதியை ஃபிக்ஸ் செய்தீர்களா என்று எழுதினால், தேதியை முடிவுசெய்தீர்களா, தவறாக இருந்த தேதியைத் திருத்தினீர்களா என்று எதிராளி யோசிக்க வேண்டிவரும்.

ரிவைஸ் என்றால் மறுபடி பார்ப்பது. தவறை ஒப்புக்கொள்ளாமல் மாற்ற வேண்டுமென்றால் இதைவிட நாசூக்கான சொல் இல்லை. அதனால்தான் கணிப்புகளும் மதிப்பீடுகளும் எப்போதும் ரிவைஸ் ஆகின்றன, கரெக்ட் ஆவதில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தேர்வுக்குப் படிப்பதும் இதுவே.

## ஒரே பார்வையில்

| வினை | முன்பே ஒரு 'சரி' உண்டா | எதன் மேல் வரும் | தவறை ஒப்புக்கொள்கிறதா | தோரணை |
|---|---|---|---|---|
| ரெக்டிஃபை | கட்டாயம் | பிழை, நிலைமை, பதிவு, பத்திரம் | ஆம், விலகி நின்று | முறையானது |
| கரெக்ட் | உண்டு | பிழை, எழுத்து, ஆள், பார்வை | ஆம், நேரடியாக | எங்கும் |
| அமெண்ட் | தேவையில்லை | சட்டம், விதி, ஒப்பந்தம் | இல்லை | சட்டம், சபை |
| எமெண்ட் | உண்டு, ஊகத்தில் | பழம்பிரதி | பிரதி எடுத்தவரின் தவறை | ஆய்வு |
| ரெமெடி | தேவையில்லை | மீறல், குறைபாடு | ஆம் | ஒப்பந்தம் |
| ரெட்ரெஸ் | நியாயம் என்ற அளவில் | அநீதி, மனக்குறை | ஆம், அழுத்தமாக | உரிமை, மனு |
| ஃபிக்ஸ் | வேலை செய்தால் போதும் | எந்திரம், மென்பொருள் | ஆம், இயல்பாக | பேச்சு |
| ரிவைஸ் | தேவையில்லை | வரைவு, கணிப்பு | இல்லை | எங்கும் |

## வைத்துப் பார்த்தால்

சான்றிதழில் பெயர் தவறு. கரெக்ட். ஆனால் விண்ணப்பப் படிவத்தின் தலைப்பிலேயே ரெக்டிஃபிகேஷன் என்று இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அந்த அலுவலகத்தில் அந்தக் கோப்புக்கு அதுதான் பெயர், வேறு சொல் போட்டால் வேறு மேசைக்குப் போகும்.

சங்கத்தின் விதி ஒன்று காலத்துக்கு ஒவ்வாமல் போய்விட்டது. அமெண்ட். செயலியில் பொத்தான் வேலை செய்யவில்லை. ஃபிக்ஸ். அறிக்கையின் வரைவை மேலாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் பிழைகளைச் சுட்டியிருந்தால் கரெக்ட், இன்னும் நன்றாக எழுதச் சொன்னால் ரிவைஸ்.

கலப்பு நிலைமைகள்தான் கஷ்டம். ஊதியப் பட்டியலில் ஒருவரின் பணிநிலை தவறாகப் பதிவாகி, சில மாதங்கள் குறைந்த ஊதியம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால், விதியின் வாசகமே இரண்டு விதமாகப் படிக்கும்படி இருக்கிறது. இங்கே நடக்க வேண்டியவை மூன்று. பதிவேட்டில் பணிநிலையை ஆரம்ப நாளிலிருந்தே சரியானதாக மாற்ற வேண்டும், அது ரெக்டிஃபை. விதியின் வாசகத்தை இனிமேல் குழப்பமில்லாமல் மாற்றி எழுத வேண்டும், அது அமெண்ட். அவர் இழந்த பணத்தையும், கேட்டபோது கிடைத்த அலட்சியத்தையும் ஈடுசெய்ய வேண்டும், அது ரெட்ரெஸ். மூன்றுக்கும் சேர்த்து 'விஷயம் ரெக்டிஃபை செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினால், பணம் வருமா வராதா என்று கேட்டு அவர் இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.